ஆலிவர் ஹெவிசைடு

ஆலிவர் ஹெவிசைடு (மே 18, 1850 - பெப்ரவரி 3, 1925) இங்கிலாந்தைச் சேர்ந்த மின்பொறியாளரும் கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். நீண்ட கம்பிகளில் மின் சமிக்ஞைகள் எவ்வாறு செல்கின்றன, செல்லும் வழியில் ஏன் உருக்குலைகின்றன, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை முதன்முதலில் முழுமையாக விளக்கியவர் இவரே. மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டை இன்று பாடநூல்களில் காணப்படும் நான்கு சமன்பாடுகளாகச் சுருக்கியவரும் இவராவார். ஓரச்சு வடத்திற்கு 1880 இல் இங்கிலாந்தில் காப்புரிமம் பெற்றார். பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர். தமது 24 ஆவது வயதிற்குப் பின்னர் எந்தப் பணியிலும் அமராதவர். இவருடைய கண்டுபிடிப்புகளால் தொலைபேசி நிறுவனங்கள் பெரும் பயன் அடைந்தபோதும், இவர் வாழ்நாள் முழுவதும் வறுமையிலேயே இருந்தார்.

பிறப்பும் இளமையும்

ஹெவிசைடு இலண்டன் நகரின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை தாமஸ் ஹெவிசைடு மரத்தில் படங்களைச் செதுக்கும் தொழில் செய்தவர். தாயின் பெயர் ரேச்சல். நான்கு ஆண் மக்களில் ஆலிவரே இளையவர். சிறு வயதில் இவரைத் தாக்கிய செங்காய்ச்சல் இவருடைய கேட்கும் திறனைப் பெரிதும் பாதித்தது. இதனால் மற்ற சிறுவர்களோடு பழகுவது கடினமாயிற்று. தனித்திருக்கும் இயல்பு அப்பருவத்திலேயே இவரிடம் வேரூன்றியது.

கேம்டன் ஹவுஸ் பள்ளியில் பயின்ற இவர், 1865 ஆம் ஆண்டுத் தேர்வில் 500 க்கும் மேற்பட்ட மாணவர்களுள் ஐந்தாமிடம் பெற்றார். எனினும் மேற்படிப்புக்குக் குடும்பத்தில் வசதி இல்லாததால் 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தினார். அதன் பின்னர் கற்றவை அனைத்தும் நூல்களின் துணையோடு தாமே கற்றவையாகும்.

இவருடைய தாயின் சகோதரியை மணந்தவர், தந்தித் தொழில்நுட்பத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சார்லஸ் வீட்ஸ்டன் ஆவார். பள்ளி மாணவர்கள் மின்தடையை அளக்கப் பயன்படுத்தும் வீட்ஸ்டன் சமனச்சுற்று இவருடைய பெயரையே தாங்கியுள்ளது. இந்த உறவின் வழியாகவே ஆலிவரும் அவருடைய தமையன் ஆர்தரும் தந்தித் துறைக்குள் நுழைந்தனர்.

தந்திப் பணி

1867 இல் ஹெவிசைடு, தமையன் ஆர்தர் பணியாற்றிய நியூகாசில் நகருக்குச் சென்று தந்தித் தொழிலைக் கற்றார். 1868 இல் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் இணைத்த கடலடி வடம் தொடர்பான பணியில் சேர்ந்தார். இவ்வடத்தை நடத்திய டேனிய நிறுவனம் பின்னர் கிரேட் நார்தர்ன் தந்தி நிறுவனம் என்று அறியப்பட்டது. சில காலம் டென்மார்க்கிலும், பின்னர் நியூகாசிலிலும் பணிபுரிந்தார்.

கடலடி வடத்தில் வேலை செய்தபோது ஒரு புதிர் இவருடைய கவனத்தை ஈர்த்தது. ஒரே வடத்தில், ஒரு திசையில் அனுப்பக்கூடிய செய்தியின் வேகமும் எதிர்த்திசையில் அனுப்பக்கூடிய வேகமும் வேறுபட்டன. இரு கரைகளிலும் வடத்தோடு இணைக்கப்பட்டிருந்த தரைக்கம்பிகள் ஒரே அளவினவாக இல்லாததே இதற்குக் காரணம் என்பதை இவர் பின்னர் கணித வழியில் விளக்கினார். வடத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அதன் இரு முனைகளிலும் என்ன இணைக்கப்பட்டுள்ளது என்பதையும் ஆராய வேண்டும் என்னும் கருத்து இவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் காணப்படுகிறது.

1873 இல் வீட்ஸ்டன் சமனச்சுற்றின் சிறந்த அமைப்பு முறை பற்றி இவர் எழுதிய கட்டுரை ஒரு புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியானது. வில்லியம் தாம்சன் (பிற்காலக் கெல்வின் பிரபு), ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஆகிய இருவரும் இக்கட்டுரையை மதித்தனர். அதே ஆண்டில் மாக்ஸ்வெல்லின் மின்னியல், காந்தவியல் பற்றிய பெருநூல் வெளிவந்தது. அந்நூலைக் கண்ட ஹெவிசைடு, அதனை முழுமையாகப் புரிந்துகொள்வதே தமது வாழ்க்கைப் பணி என முடிவு செய்தார். 1874 இல் வேலையை விட்டு விலகி, இலண்டனில் பெற்றோருடன் தங்கினார். வீட்டின் ஓர் அறையே அவருடைய ஆய்வுக்கூடமும் நூலகமும் ஆயிற்று.

நீண்ட வடத்தின் சிக்கல்

ஹெவிசைடின் பணியைப் புரிந்துகொள்ள அக்காலத் தந்தி வடங்களின் நிலையை அறிதல் வேண்டும். 1858 இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் இடப்பட்ட முதல் வடத்தின் வழியாக விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தி நூறு சொற்களுக்கும் குறைவானது. அது சென்று சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது. சில வாரங்களிலேயே அவ்வடம் பயனற்றுப் போயிற்று. 1866 இல்தான் நிலையான அட்லாண்டிக் தந்தித் தொடர்பு ஏற்பட்டது.

நீண்ட வடத்தின் ஒரு முனையில் கூர்மையான மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தினால், மறுமுனையில் அது மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் மழுங்கிய மேடாகவே வெளிப்படும். அடுத்தடுத்த துடிப்புகளை விரைவாக அனுப்பினால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து பிரித்தறிய முடியாதவாறு கலந்துவிடும். 1855 இல் வில்லியம் தாம்சன் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். கம்பியின் மின்தடை, கம்பிக்கும் அதனைச் சூழ்ந்த கடல்நீருக்கும் இடையிலான மின்தேக்குதிறன் ஆகிய இரண்டையும் மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். அதன்படி காலத் தாழ்வு வடத்தின் நீளத்தினது இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது நீளம் இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்காகும்.

மெதுவாகச் செல்லும் தந்திக் குறிகளுக்கு இவ்விளக்கம் போதுமானதாக இருந்தது. 1876 இல் தொலைபேசி வந்தபோது நிலைமை மாறியது. மனிதக் குரல் பல அதிர்வெண்களின் கலவையாகும். தாம்சனின் வடத்தில் உயர்ந்த அதிர்வெண்கள் தாழ்ந்தவற்றைவிட விரைவாகச் செல்லும். ஆனால் அவையே மிகுதியாக வலுவிழக்கும். எனவே தொலைவில் உள்ளவர் கேட்பது மெலிந்த குரல் மட்டுமன்று, குழம்பிய குரலுமாகும். மெலிந்த ஒலியைப் பெரிதாக்கலாம்; குழம்பிய ஒலியைப் பெரிதாக்கினால் குழப்பமே பெரிதாகும்.

தந்திச் சமன்பாடுகள்

1876 முதல் ஹெவிசைடு வெளியிட்ட கட்டுரைகளில் தாம்சனின் கோட்பாடு விரிவாக்கப்பட்டது. மின்தடை, மின்தேக்குதிறன் ஆகியவற்றோடு கம்பியின் மின்தூண்டலையும், மின்காப்பின் வழியாக ஏற்படும் மின்கசிவையும் இவர் சேர்த்துக்கொண்டார். இந்நான்கு பண்புகளும் வடத்தின் நீளம் முழுவதும் பரவியிருப்பதாகக் கொண்டு இவர் அமைத்த சமன்பாடுகள் தந்திச் சமன்பாடுகள் என அழைக்கப்படுகின்றன. மின்தூண்டல் சேர்ந்தவுடன், வடத்தில் மின்சாரம் வெப்பத்தைப்போல மெல்லப் பரவுவதில்லை, அலையாகவே செல்கிறது என்பது வெளிப்பட்டது.

அந்த அலை கம்பிக்குள் மட்டும் செல்வதன்று. அதன் ஆற்றல் கம்பியைச் சூழ்ந்த மின்காப்பின் வழியே செல்கிறது. கம்பி அதற்கு வழிகாட்டுகிறது. ஆற்றல் ஓட்டத்தைப் பற்றிய இக்கருத்தை 1884 இல் ஜான் ஹென்றி பாயின்டிங் வெளியிட்டார். ஹெவிசைடும் தனித்து இதே முடிவை அடைந்தார்.

1887 இல் ஹெவிசைடு தமது மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்றை அறிவித்தார். வடத்தின் மின்தடைக்கும் மின்தூண்டலுக்கும் உள்ள விகிதம், மின்கசிவுக்கும் மின்தேக்குதிறனுக்கும் உள்ள விகிதத்திற்குச் சமமாக இருந்தால், எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்லும். ஒரே அளவில் வலுவிழக்கும். மறுமுனையில் சமிக்ஞை சிறுத்திருக்கும், ஆனால் உருவம் மாறாது. இது உருக்குலைவற்ற நிலைக்கான நிபந்தனை எனப்படும்.

நல்ல மின்காப்புடைய வடங்களில் மின்கசிவு மிகச் சிறியது. எனவே முதல் விகிதம் இரண்டாவதைவிட மிகப் பெரிதாக இருக்கும். இவற்றைச் சமமாக்கச் சில வழிகள் உண்டு. தடித்த செம்பைப் பயன்படுத்தி மின்தடையைக் குறைக்கலாம், அது பெருஞ்செலவு. மின்கசிவைக் கூட்டலாம்; அதனால் சமிக்ஞையின் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும். எளிய வழி மின்தூண்டலைக் கூட்டுவதே என்று ஹெவிசைடு காட்டினார். இதனால் உருக்குலைவு குறைவதோடு, வலுவிழப்பும் குறையும். வடத்தின் வழிநெடுகிலும் இடைவெளி விட்டுக் கம்பிச் சுருள்களைச் சேர்க்கலாம் என்றும் இவர் எழுதினார்.

வில்லியம் பிரீஸுடன் முரண்பாடு

பிரித்தானியாவில் தந்தித் துறை முழுவதும் அஞ்சல் துறையின் பொறுப்பில் இருந்தது. அதன் மின்னியல் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த வில்லியம் பிரீஸ் நீண்ட பட்டறிவும் செல்வாக்கும் உடையவர். தொலைபேசிக் கம்பிகளில் மின்தூண்டல் தீங்கானது, அதனை இயன்றவரை நீக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. பேச்சு செல்லக்கூடிய தொலைவை மின்தடை, மின்தேக்குதிறன் ஆகியவற்றின் பெருக்குத்தொகையே முடிவு செய்கிறது என்னும் விதியையும் அவர் 1887 இல் முன்வைத்தார். அதே ஆண்டில் மின்தூண்டலைக் கூட்ட வேண்டும் என்று வாதிட்ட ஹெவிசைடின் முடிவு இதற்கு நேர் எதிரானதாகும்.

ஆர்தர் ஹெவிசைடு அப்போது அஞ்சல் துறையின் பொறியாளராக நியூகாசிலில் பணியாற்றினார். சகோதரர் இருவரும் சேர்ந்து தொலைபேசி இணைப்பு முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். மின்தூண்டலின் பயனைக் கூறும் பகுதிகள் ஆலிவரால் எழுதப்பட்டவை. அரசுப் பணியாளர் என்பதால் ஆர்தர் கட்டுரையை வெளியிட மேலிடத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. பிரீஸ் ஒப்புதல் அளிக்கவில்லை.

1880களின் தொடக்கத்திலிருந்து ஹெவிசைடின் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டு வந்த தி எலக்ட்ரீஷியன் என்னும் வார இதழின் ஆசிரியர் பிக்ஸ் 1887 இல் பதவி இழந்தார். ஹெவிசைடுக்கு அவர் அளித்த ஆதரவும் அதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. புதிய ஆசிரியர் இவருடைய கட்டுரைத் தொடரை நிறுத்தினார். இவ்வாறு தமது மிக முக்கியமான முடிவைக் கண்டறிந்த ஆண்டிலேயே அதனை வெளியிடும் வழிகளை ஹெவிசைடு இழந்தார்.

1888 இல் நிலைமை மாறத் தொடங்கியது. ஜெர்மனியில் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையால் மெய்ப்பித்தார். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் கம்பிகளின் வழியே செல்லும் மின் அலைகளைக் காட்டினார். ஹெவிசைடு பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வந்தவை கற்பனை அல்ல என்பது தெளிவாயிற்று. 1889 இல் வில்லியம் தாம்சன் மின்பொறியாளர் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையில் ஹெவிசைடின் கோட்பாட்டைப் பாராட்டினார். தமது பழைய கோட்பாட்டை விரிவாக்கித் திருத்தியவரை அவரே பாராட்டியது குறிப்பிடத்தக்கது. 1891 இல் ஹெவிசைடு அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுமைச்சுருள்களும் பிறர் பெற்ற பயனும்

ஹெவிசைடு தமது மின்தூண்டல் கருத்துக்குக் காப்புரிமம் பெறவில்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் புபினும், தொலைபேசி நிறுவனமொன்றின் பொறியாளரான ஜார்ஜ் கேம்பலும் 1899 ஆம் ஆண்டளவில் இக்கருத்தைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தனர். சுருள்களை எவ்வளவு இடைவெளியில் வைக்க வேண்டும் என்பதே அவர்கள் தீர்த்த சிக்கலாகும். இடைவெளி அலைநீளத்தோடு ஒப்பிடுகையில் சிறிதாக இருந்தால்தான் சுருள்கள் வடம் முழுவதும் பரவிய மின்தூண்டலைப்போலச் செயல்படும்.

புபின் 1900 இல் காப்புரிமம் பெற்றார். அவருடைய உரிமையை ஏடி அண்டு டி நிறுவனம் விலைக்கு வாங்கியது. இதன் வழி அவருக்கு மொத்தத்தில் நான்கு லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. ஹெவிசைடுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு தொகை அளிக்க நிறுவனம் முன்வந்ததாகவும், கண்டுபிடிப்பின் முழுப் பெருமையும் தமக்கு அளிக்கப்படாவிட்டால் பணத்தை ஏற்க முடியாது என அவர் மறுத்ததாகவும் கூறப்படுகிறது.

சுமைச்சுருள்களால் தொலைபேசிப் பேச்சு செல்லும் தொலைவு பெரிதும் உயர்ந்தது. மெல்லிய செம்புக் கம்பிகளே போதுமானதாக இருந்ததால் செலவும் குறைந்தது. 1915 இல் தொடங்கப்பட்ட நியூயார்க் - சான் பிரான்சிஸ்கோ தொலைபேசித் தொடர்பில் சுமைச்சுருள்களும் வெற்றிடக்குழல் பெருக்கிகளும் சேர்ந்து பயன்பட்டன.

ஓரச்சு வடம்

ஒரே அச்சைச் சுற்றி, நடுவில் ஒரு கம்பியும் அதனைச் சூழ்ந்து குழாய் வடிவில் மற்றொரு கடத்தியுமாக அமைந்த வடம் ஓரச்சு வடம் எனப்படும். தொலைக்காட்சிக்குக் கூரையிலிருந்து வரும் கறுப்பு நிற வட்டக் கம்பி இதற்கு எடுத்துக்காட்டாகும். 1880 இல் ஹெவிசைடு இதற்குக் காப்புரிமம் பெற்றார். அருகருகே செல்லும் கம்பிகளில் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கலப்பதைத் தடுப்பதே அவருடைய நோக்கம். மின்புலமும் காந்தப்புலமும் இரு கடத்திகளுக்கு இடைப்பட்ட இடத்திற்குள்ளேயே அடங்கிவிடுவதால் வெளியே கசிவதும் இல்லை, வெளியிலிருந்து நுழைவதும் இல்லை.

அக்காலத்தில் இவ்வடத்திற்குப் பெரிய தேவை ஏற்படவில்லை. உயர் அதிர்வெண் பயன்பாட்டுக்கு உரிய ஓரச்சு வட அமைப்பை அமெரிக்காவில் லாயிட் எஸ்பென்ஷீடும் ஹெர்மன் ஆஃபலும் 1929 இல் உருவாக்கினர். 1936 இல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே தொலைக்காட்சிப் படங்களை அனுப்ப இத்தகைய வடம் பயன்பட்டது. 1956 இல் அட்லாண்டிக்கில் இடப்பட்ட முதல் தொலைபேசி வடமும் ஓரச்சு வடமே.

கணிதப் பணிகள்

மாக்ஸ்வெல் தமது கோட்பாட்டை 20 சமன்பாடுகளாக எழுதியிருந்தார். 1884-85 இல் ஹெவிசைடு அவற்றைத் திசையன்களின் துணையோடு நான்கு சமன்பாடுகளாகச் சுருக்கினார். இன்று மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று மாணவர்கள் கற்பவை இந்த வடிவத்தில் உள்ளவையே. ஹெர்ட்ஸும் தனித்து இதனை ஒத்த வடிவத்தை அடைந்தார். திசையன் கணிதத்தை அமெரிக்கரான வில்லார்ட் கிப்ஸும் ஹெவிசைடும் ஒருவரையொருவர் சாராது உருவாக்கினர்.

வகையீட்டுச் சமன்பாடுகளை இயற்கணிதச் சமன்பாடுகளைப்போலத் தீர்க்கும் செயலிக் கணித முறையை ஹெவிசைடு வளர்த்தார். முறையான நிறுவல்கள் இல்லை எனக் கணிதவியலாளர்கள் குறை கூறினர். அரச கழகம் 1894 இல் இவருடைய தொடர்கட்டுரையின் ஒரு பகுதியை வெளியிட மறுத்தது. எனினும் பொறியாளர்கள் இம்முறையைப் பயன்படுத்தினர். பிற்காலத்தில் லாப்லாஸ் உருமாற்றத்தின் வழியாக இதற்கு உறுதியான அடிப்படை அமைக்கப்பட்டது. சுழியிலிருந்து திடீரென ஒன்றுக்குத் தாவும் சார்பு ஹெவிசைடு படிச்சார்பு எனப்படுகிறது. ஒரு விசையை அழுத்தி மின்சாரத்தைச் செலுத்தும் செயலைக் கணிதத்தில் குறிக்க அது உதவுகிறது.

மின்தூண்டல், மின்மறுப்பு, மின்கடத்துதிறன் ஆகியவற்றைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலக் கலைச்சொற்களை 1885-86 ஆம் ஆண்டுகளில் உருவாக்கியவரும் ஹெவிசைடே.

வானொலி அலைகள் பூமியின் வளைவைக் கடந்து நெடுந்தொலைவு செல்வது எவ்வாறு என்பது 1901 இல் மார்க்கோனியின் சோதனைக்குப் பின் ஒரு கேள்வியாக இருந்தது. வளிமண்டலத்தின் உயரத்தில் மின்கடத்தும் படலம் ஒன்று இருக்கலாம் என ஹெவிசைடும் ஆர்தர் கென்னலியும் 1902 இல் தனித்தனியே கருத்துத் தெரிவித்தனர். ஹெவிசைடு இதனைப் பிரித்தானிகா கலைக்களஞ்சியத்திற்கு எழுதிய தந்திக் கோட்பாடு பற்றிய கட்டுரையில் குறிப்பிட்டார். கம்பிகள் அலைக்கு வழிகாட்டுவதுபோலக் கடலும் அப்படலமும் சேர்ந்து வானொலி அலைக்கு வழிகாட்டும் என்பது அவர் கருத்து. 1924 இன் இறுதியில் எட்வர்டு ஆப்பிள்டன் செய்த சோதனைகள் இப்படலம் இருப்பதை உறுதி செய்தன. இது கென்னலி - ஹெவிசைடு படலம் என அழைக்கப்படுகிறது.

பிற்கால வாழ்க்கை

1889 இல் ஹெவிசைடு பெற்றோருடன் டெவன் மாவட்டத்தின் பெயிண்டன் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். அங்கு அவருடைய மற்றொரு தமையன் சார்லஸ் இசைக்கருவிக் கடை நடத்தி வந்தார். தாய் 1894 இலும் தந்தை 1896 இலும் காலமாயினர். அரச கழகத்தின் உதவி நிதியிலிருந்து 1894 இல் அளிக்க முன்வந்த தொகையை, அது அறக்கொடை போன்றது எனக் கருதி ஹெவிசைடு மறுத்தார். 1896 இல் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஜான் பெர்ரி ஆகிய நண்பர்களின் முயற்சியால் ஆண்டுக்கு 120 பவுண்டு அரசு ஓய்வூதியம் வழங்கப்பட்டது. அறிவியல் பணிக்கான மதிப்பாக அது எடுத்துரைக்கப்பட்ட பின்னரே அவர் அதனை ஏற்றார்.

1897 முதல் நியூட்டன் அபட் என்னும் ஊரில் தனியே வாழ்ந்தார். 1908 இல் டார்க்கி நகரில் சார்லஸின் மனைவியுடைய சகோதரியின் வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். அந்த அம்மையார் பின்னர் வீட்டை விட்டுச் சென்றபின் கடைசி ஆண்டுகளைத் தனிமையில் கழித்தார். உடல்நலம் குன்றியது. எரிவாயுக் கட்டணம் செலுத்த முடியாமல் குளிரில் வாடியதும் உண்டு. வீட்டில் மரச்சாமான்களுக்குப் பதிலாகக் கருங்கற்களை வைத்திருந்ததாகவும் கூறப்படுகிறது.

1892 இல் இவருடைய கட்டுரைகள் இரு தொகுதிகளாக வெளியாயின. மின்காந்தக் கோட்பாடு என்னும் பொருள் பற்றிய பெருநூலின் மூன்று தொகுதிகள் 1893, 1899, 1912 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. 1905 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மின்பொறியாளர் கழகம் புதிதாக நிறுவிய ஃபாரடே பதக்கத்தை 1922 இல் முதன்முதலாகப் பெற்றவர் ஹெவிசைடே.

இன்றைய ஒளிப்பட வடங்களில் ஹெவிசைடின் கோட்பாடு

ஹெவிசைடின் காலத்தில் நீண்ட வடம் என்பது கடலைக் கடப்பதாகும். இன்று வீட்டுத் திரையரங்குகளில், அறையின் முன்புறம் உள்ள கருவியிலிருந்து பின்புறக் கூரையில் தொங்கும் புரொஜெக்டர் வரை செல்லும் 10 அல்லது 15 மீட்டர் வடமே நீண்ட வடமாகும். காரணம், ஒரு வடம் நீண்டதா குட்டையானதா என்பதை அதில் செல்லும் அலையின் அலைநீளத்தோடு ஒப்பிட்டே கூற வேண்டும். படச் சமிக்ஞையின் அதிர்வெண் பேச்சின் அதிர்வெண்ணைவிடப் பல்லாயிரம் மடங்கு உயர்ந்தது. எனவே சில மீட்டரிலேயே தந்திச் சமன்பாடுகளின் விளைவுகள் தோன்றுகின்றன.

முதல் விளைவு எதிரொலிப்பு. உயர் அதிர்வெண்களில் ஒவ்வொரு வடத்திற்கும் ஓர் இயல்பான மின்மறுப்பு உண்டு. அது மின்தூண்டலை மின்தேக்குதிறனால் வகுத்துக் கிடைக்கும் எண்ணின் இருமடி மூலமாகும். வடத்தின் நீளத்தைச் சார்ந்ததன்று. படச் சமிக்ஞைக்கான ஓரச்சு வடங்களில் இது 75 ஓம். வடமும் கருவிகளும் 75 ஓமாக இருந்தால் வந்த அலை முழுவதும் கருவியால் உட்கொள்ளப்படும். 75 ஓம் வடத்தின் முனையில் 50 ஓம் கருவி இணைக்கப்பட்டால் அலையின் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிச் செல்லும். இரு முனைகளும் பொருந்தாதபோது அந்த அலை மீண்டும் திரும்பி வந்து படத்தின்மேல் படியும். 15 மீட்டர் வடத்தில் இது சுமார் 0.15 மைக்ரோ விநாடி தாழ்ந்து வரும். பழைய தரத் தொலைக்காட்சிப் படத்தில் அது ஏறத்தாழ இரண்டு படப்புள்ளிகளின் அகலமாகும். பொருள்களின் வலது ஓரத்தில் மங்கலான நிழல் தோன்றுவது இதனாலாகும்.

இரண்டாவது விளைவு உயர் அதிர்வெண்களின் இழப்பு. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுகிறது. இம்மேற்பரப்பு விளைவைப் பலவகைக் கடத்திகளுக்கும் பொதுவாக 1885 இல் விளக்கியவர் ஹெவிசைடே. ஒரு மெகா ஹெர்ட்ஸில் செம்பின் சுமார் 0.07 மில்லிமீட்டர் ஆழமே பயன்படுகிறது. இதனால் அதிர்வெண் நான்கு மடங்கானால் டெசிபெல் அளவிலான இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். ஒப்புமைப் படத்தில் நுண்ணிய விவரங்களைத் தாங்குபவை உயர் அதிர்வெண்களே. ஆகவே வடம் நீண்டால் படம் முதலில் கூர்மையை இழக்கும்.

எண்முறைச் சமிக்ஞையில் இந்த இழப்பு வேறு வகையில் வெளிப்படும். எச்.டி.எம்.ஐ. வடத்தில் முறுக்கிய இணைக்கம்பிகள் 100 ஓம் மின்மறுப்புடன் அமைகின்றன. 2013 இல் வந்த 2.0 தரத்தில் மூன்று இணைகளும் தனித்தனியே விநாடிக்கு 600 கோடி துடிப்புகள் வரை சுமக்கின்றன. வடம் நீளும்போது துடிப்புகள் மழுங்கி ஒன்றோடொன்று கலக்கின்றன. 1858 இன் அட்லாண்டிக் வடத்தில் நிகழ்ந்ததும் இத்தகைய கலப்பே. பிழைகள் சிலவாக இருக்கும்வரை திரையில் மின்னும் புள்ளிகள் தோன்றும். மிகுந்தால் படம் முற்றிலும் மறைந்துவிடும். இதனாலேயே மிகுதியான தரவைச் சுமக்கும் செம்பு வடங்கள் சில மீட்டர் நீளத்தோடு நிற்கின்றன.

இழந்த உயர் அதிர்வெண்களை மட்டும் கூடுதலாகப் பெருக்கும் சமன்படுத்தி என்னும் மின்சுற்று இதற்கு ஒரு தீர்வு. எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் வந்து சேர வேண்டும் என்ற ஹெவிசைடின் நிபந்தனையை வடத்தின் உள்ளே அன்றி, அதன் முனையில் நிறைவேற்றுவதே சமன்படுத்தியின் வேலை. சுமைச்சுருள்கள் இங்கு உதவா. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேற்பட்டவற்றை அவை தடுத்துவிடும். இன்னும் நீண்ட தொலைவுக்குச் சமிக்ஞையை ஒளியாக மாற்றி ஒளியிழையில் அனுப்பும் வடங்கள் பயன்படுகின்றன.

மறைவும் நினைவும்

1925 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏணியிலிருந்து விழுந்து காயமடைந்த ஹெவிசைடு, பெப்ரவரி 3 அன்று டார்க்கியில் காலமானார். பெயிண்டன் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். இவருடைய நினைவாக நிலவிலும் செவ்வாயிலும் உள்ள கிண்ணக்குழிகளுக்கு ஹெவிசைடின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. நெடுங்காலம் சிதைந்திருந்த இவருடைய கல்லறை, நன்கொடைகளின் உதவியால் 2014 இல் சீரமைக்கப்பட்டது.

பிரீஸ் தீங்கானது என விலக்கச் சொன்ன மின்தூண்டல், இன்று வடங்களை வடிவமைக்கும்போது முதலில் கணக்கிடப்படும் அளவுகளுள் ஒன்றாக உள்ளது. வடத்தின் உறைமீது அச்சிடப்படும் 75 ஓம் என்னும் எண்ணும் அந்தக் கணக்கிலிருந்தே பெறப்படுகிறது.